எங்கள் ஊர்ச் சவக்காலை: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஓர் ஊர். ஐந்து பரப்புக் காணி, மூன்று பக்கம் மதில், ஒரு பக்கம் கதியால் வேலி, உள்ளே கிட்டத்தட்ட இருநூறு வருடத்துக் கிறிஸ்தவக் கல்லறைகள். அதைப் பார்த்துக்கொள்ளும் சிலரில் நானும் ஒருவன். சனிக்கிழமை காலையில் படலையைத் திறந்தால், ரோட்டால் போகிறவர் சைக்கிளை நிற்பாட்டி ஒரு கேள்வி கேட்பார். கலியாண வீட்டுப் பந்தலில் அதே கேள்வி. இரவு பதினொரு மணிக்கு ரொறன்ரோவிலிருந்து வட்ஸ்அப்பிலும் அதே கேள்வி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி வாய் நொந்துபோனதால் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

சிலபேர் சவக்காலை எண்டீனம், சிலபேர் சேமக்காலை எண்டீனம். எது சரி?

இரண்டும் சரி. எங்கள் ஊரில் பழைய ஆட்கள் சவக்காலை என்பார்கள். நோட்டீஸ் அடிக்கும்போது மட்டும் எல்லோரும் சேமக்காலைக்கு மாறிவிடுவார்கள், அது கொஞ்சம் மென்மையாக இருக்கிறது என்று. சைவர்களின் சுடலை வேறு, அது எரிக்கும் இடம். இது புதைக்கும் இடம். இந்த வித்தியாசம் சும்மா சொல்லுக்கானது அல்ல. எரித்த இடத்தில் அடையாளம் தங்காது. புதைத்த இடத்தில் கல் தங்கும், கல்லில் பெயர் தங்கும். எங்கள் வேலை முழுவதும் அந்தப் பெயரைச் சுற்றித்தான்.

இது வெள்ளைக்காரரின்ரை இடம்தானே? எங்களுக்கு இதிலை என்ன வேலை?

உள்ளே வந்து பார்த்தவர்கள் இதைக் கேட்பதில்லை. முன்வரிசையில் நாலைந்து ஆங்கிலக் கற்கள் நிற்பதால் ரோட்டிலிருந்து பார்ப்பவருக்கு அப்படித் தோன்றும். பின்னால் இருப்பவை எல்லாம் எங்கள் ஆட்களுடையவை. அமெரிக்க மிஷன்காரர் 1816 இல் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் குடியேறினார்கள். 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரி, 1824 இல் உடுவில் பெண்கள் பாடசாலை. வந்தவர்களில் பலர் திரும்பிப் போகவில்லை. உடுவில் பாடசாலையைத் தொடங்கிய ஹரியற் வின்ஸ்லோ 1833 இல் அங்கேயே இறந்தார். டானியல் பூவர் 1855 இல் மானிப்பாயில் கொலராவால் இறந்தார். உடுவிலில் ஏறக்குறைய நாற்பது வருடம் படிப்பித்த எலைசா அக்னியூ ஒரு தடவைகூட ஊர் திரும்பவில்லை. 1883 இல் அவரும் மானிப்பாயில் முடிந்துபோனார்.

இன்னொரு விசயம். ஆங்கிலப் பெயர் என்றால் வெள்ளைக்காரர் என்று நினைக்க வேண்டாம். மிஷன் பாடசாலையில் ஒரு பிள்ளையின் செலவை அமெரிக்காவில் யாராவது ஏற்றால், அவர் பெயரையே பிள்ளைக்கு வைக்கும் வழக்கம் இருந்தது. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை என்ற பெயர்கள் அப்படி வந்தவைதான். தமிழ்ப் பின்பாதியை விட்டுவிட்டு முன்பாதியை மட்டும் கல்லில் வெட்டியிருந்தால், பொஸ்ரனில் பிறந்தவர் போலத்தான் தெரியும். ஆள் சங்கானை ஊர்க்காரராக இருப்பார்.

உங்களுக்கு ஆர் இந்த அதிகாரம் தந்தது? காணி ஆருக்குச் சொந்தம்?

காணி தேவாலயத்துக்குச் சொந்தம், உறுதி அங்கே இருக்கிறது. எங்களுக்கு எந்த அதிகாரமும் இல்லை. சபைக் கூட்டத்தில் எழுதி வாங்கிய ஒரு பக்க அனுமதிக் கடிதம் மட்டும் இருக்கிறது. புல் வெட்டலாம், படம் எடுக்கலாம், பதிவு எழுதலாம். கல்லை நகர்த்துவது, கட்டுவது, இடிப்பது எதுவானாலும் போதகரிடமும் சபையிடமும் கேட்டுத்தான். புதைநிலங்களை நடத்துவது பற்றி 1899 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் ஒன்று இருப்பதால், பெரிய வேலை என்றால் பிரதேச சபையின் காதிலும் போட்டுவிடுவோம்.

வேறு ஊரில் இதைத் தொடங்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மண்வெட்டி வாங்குவதற்கு முதல் அந்தக் கடிதத்தை வாங்குங்கள். நல்ல மனதோடு போய் ஒருவருடைய அப்பாவின் கல்லறையில் கைவைத்துவிட்டு, பிறகு விளக்கம் சொல்வது கஷ்டம்.

நான் சைவம். உள்ளை வந்து வேலை செய்தால் துடக்கு வராதோ?

எங்களில் மூன்று பேர் சைவர்கள். ஒருவர் நேரே வீட்டுக் கிணற்றடிக்குப் போய்த் தலை முழுகிவிட்டுத்தான் படி ஏறுவார். மற்ற இருவரும் கை கால் கழுவிவிட்டுத் தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்துவிடுவார்கள். இதில் எது சரி என்று நான் சொல்ல வரவில்லை. படலைக்குப் பக்கத்தில் தண்ணீர் தொட்டியும் வாளியும் இருக்கின்றன. கோயில் திருவிழா, விரதம் என்றால் அந்தக் கிழமை வரவேண்டாம், யாரும் குறை நினைக்கமாட்டார்கள்.

ஒரு சிரமதானம் வைச்சு, ஜேசிபி ஒண்டைப் பிடிச்சு இழுத்துவிட்டால் ஒரே நாளிலை முடிஞ்சிடும்தானே?

முடிந்துவிடும், எல்லாமே முடிந்துவிடும். ஜேசிபியின் வாளிக்குப் பற்றையும் தெரியாது, பற்றைக்குள் சாய்ந்து கிடக்கும் கல்லும் தெரியாது. நாங்கள் முதல் நாள் எண்ணிய கல்லறைகளை, ஒரு மழைக்காலம் கையால் புல் வெட்டிய பிறகு எண்ணிப் பார்த்தால் தொகை இரட்டித்திருந்தது. மண்ணோடு மண்ணாகக் கிடந்தவை மெல்லத்தான் தலை காட்டின.

சருகைக் குவித்து நெருப்பு வைப்பதும் கூடாது. எங்கள் கற்களில் பெரும்பாலானவை இந்த மண்ணின் சுண்ணக்கல். சூடேறினால் மேற்பரப்பு சில்லுச்சில்லாகக் கழலும், எழுத்தும் அதோடு போகும். களைகொல்லி அடித்தால் அதிலுள்ள உப்பு கல்லுக்குள் இறங்கும். புல் வெட்டும் மெஷினைக் கல்லிலிருந்து இரண்டு அடி தள்ளித்தான் பிடிக்க வேண்டும், அதன் நைலோன் கயிறு மெல்லிய கல்லின் அடியை அரித்துவிடும். கல்லோரம் முழுக்கக் கத்தியும் கையும்தான்.

பார்த்தீனியத்தைப் பூக்க முதல், கையுறை போட்டு, வேரோடு பிடுங்க வேண்டும். சமாதி வெடிப்பில் முளைக்கும் ஆலையும் அரசையும் அப்படிப் பிடுங்கக் கூடாது. வேர் சாந்தைக் கட்டிப் பிடித்திருக்கும், இழுத்தால் சுவரே கையோடு வரும். அடியோடு வெட்டி, துளிர்க்கத் துளிர்க்கக் கிள்ளிக்கொண்டே இருந்தால் இரண்டு மூன்று வருடத்தில் அலுத்துச் செத்துவிடும். பனையைத் தொடவே வேண்டாம். தறிப்பதற்குப் பிரதேச செயலகத்து அனுமதி வேண்டும், அதைவிடப் பனை நிற்பதால் கல்லறைக்கு ஒரு கெடுதியும் இல்லை.

பாம்பு கிடக்குமோ?

கிடக்கும். புடையனை இரண்டு தடவை கண்டிருக்கிறோம். சப்பாத்து போடாமல் வருகிறவரை உள்ளே விடுவதில்லை. தடியால் தட்டிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

நீங்கள் வேலை செய்யிறதைவிடப் படம் எடுக்கிறதும் எழுதிறதும்தான் கூட. ஏன்?

வேலையே அதுதான். ஒரு கல்லைத் தொடும் முன்பு அதன் படம், அளவு, எழுத்து மூன்றும் கொப்பியில் ஏறிவிட வேண்டும். இதை எப்படிப் பட்டுத் தெளிந்தோம் என்று சீமெந்துக் கேள்வியில் சொல்கிறேன். இந்த மண்ணில் கல்லையும் முழுதாக நம்ப முடியாது. 1706 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டைக்குள் கட்டிய தேவாலயம் எங்கள் காலத்துச் சண்டையில் தரைமட்டமானது. கட்டடம் போனால் போனதுதான், எழுதி வைத்தது மட்டும் மிஞ்சும். ஜே. பென்ரி லூயிஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி இலங்கை முழுவதிலும் கல்லறை எழுத்துகளைத் தொகுத்து 1913 இல் ஒரு புத்தகமாகப் போட்டார். அவர் கவனம் பெரும்பாலும் ஐரோப்பியர் மேல்தான். எங்கள் பூட்டன்மாரின் கற்களை எழுதி வைக்க அவர் வரவில்லை.

முறை இதுதான். போனில் இருக்கும் ஜிபிஎஸ்ஸை நம்ப வேண்டாம். அது பல அடி தவறும், இங்கே ஒரு கல்லறைக்கும் அடுத்ததற்கும் இடையில் மூன்று அடிதான். மதிலின் இரண்டு மூலைகளை நிலையாக வைத்து, இரண்டிலிருந்தும் நாடா பிடித்து அளந்தால் எந்தக் கல்லையும் தாளில் சரியாகக் குறிக்கலாம். கல்லில் இலக்கம் எழுதுவதில்லை, இலக்கம் வரைபடத்தில் மட்டும். எழுத்தைப் பார்த்தபடியே எழுதுவோம். தேய்ந்த எழுத்துக்குப் புள்ளி போடுவோம். ‘இது சின்னத்தம்பியாத்தான் இருக்கும்’ என்று நிரப்புகிறவர்களோடு அடிக்கடி சண்டை வரும். நிரப்ப விடமாட்டோம்.

எழுத்து விளங்கேல்லை. சோக்குப் பூசி வாசிச்சால் என்ன? முந்தி மாவும் பூசுறவை.

பூசவேண்டாம். சோக்குத் தூள் கல்லின் நுண்ணிய துளைகளுக்குள் போனால் முழுதாக வெளியே வராது. மா பூசினால் எறும்பும் பூஞ்சணமும் வரும். தேய்த்துத் தேய்த்து வாசித்த கல் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேய்கிறது.

வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விழ விட்டாலே போதும். நடுமத்தியானம் வெறும் பலகையாகத் தெரிந்த ஒரு கல், காலை ஆறேமுக்காலுக்கு, வெயில் கல்லின் விளிம்பை உரசிக்கொண்டு போகும்போது முழு வசனத்தையும் காட்டியது. பத்து நிமிடம்தான், வெயில் ஏறியதும் மறைந்துவிட்டது. மேற்கே பார்த்த கல்லுக்கு ஒருவர் முகக் கண்ணாடியைப் பிடித்து வெளிச்சத்தைத் திருப்பிவிட வேண்டும். பின்னேரம் என்றால் ரோச் லைட்டைக் கல்லோடு ஒட்டிப் பக்கத்திலிருந்து அடித்துப் பாருங்கள்.

ஒரு கல்லிலை ‘கஅசுஎ’ எண்டு கிடக்கு. என்ன சுருக்கம் அது?

எங்கள் பொடியன்கள் இரண்டு கிழமை இதற்கு விளக்கம் தேடினார்கள். கர்த்தருக்குள் அடக்கமான என்று தொடங்கி ஒருவன் முழு வசனமே கட்டிவிட்டான். அது சுருக்கமே அல்ல, வருடம். தமிழ் இலக்கத்தில் ௧ என்பது 1, ௮ என்பது 8, ௬ என்பது 6, ௭ என்பது 7. ௧௮௬௭ என்றால் 1867. க, அ, சு, எ போலவே இருப்பதால்தான் குழப்பம். சில கற்களில் ஆயிரம், நூறு, பத்துக் குறிகளையும் சேர்த்து ௲௮௱௬௰௭ என்று நீட்டி வெட்டியிருப்பார்கள். அதுவும் 1867 தான். பக்கத்தில் ௵ வந்தால் வருடம், ௴ மாதம், ௳ நாள்.

அப்புறம், ‘லை’, ‘னை’ போன்றவை யானைத் தும்பிக்கையோடு வரும். ‘றா’, ‘ணா’, ‘னா’ ஒரே எழுத்தாகச் சுழிந்து நிற்கும். சில கற்களில் மெய்யெழுத்துக்குப் புள்ளியே இராது. அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பழைய அச்சில் படித்தவர்கள் சடாரென்று வாசிப்பார்கள்.

பாசி பிடிச்சுக் கறுத்துப்போய்க் கிடக்கு. எதாலை கழுவிறது?

தண்ணீர், மென்மையான நைலோன் தூரிகை, பொறுமை. அவ்வளவுதான். முதலில் கல்லை நன்றாக நனைத்து, கீழிருந்து மேலாகத் தூரிகை பிடித்து, உடனுக்குடன் தண்ணீர் ஊற்ற வேண்டும். கம்பித் தூரிகை வேண்டாம். சவர்க்காரத் தூள் வேண்டாம். குளியலறை கழுவும் அமிலம் வேண்டவே வேண்டாம். சுண்ணக்கல்லுக்கு அமிலம் என்ன செய்யும் என்று பார்க்க ஆசையென்றால், ரோட்டோரம் ஒரு சுண்ணக்கல் துண்டை எடுத்துத் தேசிக்காய்ப் புளியைப் பிழியுங்கள். மெல்ல நுரைக்கும். அந்த நுரை கல் கரைவதுதான். அமிலம் ஊற்றிய கல் அன்றைக்கு வெள்ளைவெளேரென்று வடிவாக இருக்கும், எழுத்தின் விளிம்பு மழுங்கியிருப்பது அடுத்த வருடம்தான் கண்ணில் படும்.

தண்ணீரிலும் ஒன்று கவனிக்க வேண்டும். எங்கள் பக்கம் சில கிணறுகள் உவர். அந்தத் தண்ணீரால் கழுவினால் உப்பு கல்லுக்குள் போய், காயும்போது பூத்து, மேற்தோலைத் தள்ளி உரிக்கும். குடிக்க உதவாத தண்ணீரைக் கல்லுக்கும் ஊற்றாதீர்கள். நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து பரலில் கொண்டுவருகிறோம், மாரியில் மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்கிறோம். ஒரு கல்லைப் பல வருடத்துக்கு ஒரு தடவை கழுவினால் போதும். கொஞ்சம் பாசி இருந்துவிட்டுப் போகட்டும்.

உடைஞ்ச கல்லைச் சீமெந்தாலை ஒட்டிவிட்டால் என்ன?

நாங்கள் ஒட்டினோம். முதல் வருடம், ஒரு குழந்தையின் கல். முழங்கால் உயரம், பெயர் இருந்த வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவால் இரண்டாக உடைந்து கிடந்தது. எல்லோருக்கும் மனம் இரங்கி, மேசன் ஒருவரைக் கூப்பிட்டு, நல்ல சீமெந்து குழைத்து ஒட்டி நிமிர்த்தி வைத்தோம். வடிவாக நின்றது. இரண்டு மாரி போனது. சீமெந்து கல்லைவிட இறுக்கமானது, ஈரத்தை வெளியே விடாது. ஈரம் முழுக்கச் சுண்ணக்கல் பக்கமாகப் போய், ஒட்டின கோட்டின் இரண்டு பக்கமும் மாவாக உதிர்ந்தது. இப்போது அந்தக் கல்லில் மிஞ்சியிருப்பது ‘அவர்களின் குமாரத்தி’ என்பது மட்டும். யாருடைய குமாரத்தி, அவள் பெயர் என்ன என்பது அந்த மாவோடு போய்விட்டது. ஒட்டும் அவசரத்தில் யாரும் படம் எடுத்திருக்கவில்லை.

ஆகவே இப்போது உடைந்த கல்லை ஒட்டுவதில்லை. துண்டுகளைச் சேர்த்து, கழுவிய மணல் பரப்பிய இடத்தில் எழுத்து மேலே தெரியக் கிடத்திவிடுகிறோம். சிறு சில்லுகள் பெட்டிக்குள், கல்லின் இலக்கத்தோடு. கட்டிய சமாதியின் சாந்து உதிர்ந்தால் மட்டும் சுண்ணாம்புச் சாந்து. நீற்றி, தண்ணீருக்குள் பல கிழமை கிடந்த சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய மணல் மூன்று பங்கு. கடற்கரை மணலைக் கழுவாமல் போட்டால் மேலே சொன்ன உப்புக் கதைதான். பூசிய பிறகு ஈரச் சாக்கால் மூடி ஒரு கிழமையாவது மெல்லக் காய விட வேண்டும். பழைய ஆட்கள் கடுக்காய்த் தண்ணீரும் பனங்கட்டியும் சேர்த்தார்கள். அந்தப் பக்குவம் தெரிந்த ஒரு பெரியவர் எங்களுக்குக் கிடைத்தார். அவர் கையால் பார்த்துச் சொல்வார், எனக்கு அளவு சொல்லத் தெரியாது.

கனடாவிலை இருந்து காசு அனுப்பிறம். பூட்டன்ரை பழைய கல்லறையை உடைச்சுப்போட்டு மாபிளிலை கட்டித் தருவியளோ?

மாட்டோம். காசு அனுப்புகிறவரின் மனது எனக்கு விளங்குகிறது. ஊரில் இல்லாத குறையை எதையாவது கட்டித் தீர்க்கத்தான் பார்ப்பார். ஆனால் பூட்டனுக்காக அவர் பிள்ளைகள் அன்றைக்கு வெட்டுவித்த கல் அது. அதை எடுத்துவிட்டால் மாபிளில் இருப்பது உங்கள் கை, அவர்களுடையது அல்ல. எங்கள் ஊரிலேயே ஒரு கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும் கல்லைப் புரட்டிப் பார்த்தால் மறுபக்கம் எழுத்து இருந்தது. புதுக் கல்லறை கட்டியபோது ‘சும்மா கிடந்த’ பழைய கல்லாம்.

பெயர் புதிதாகத் தெரியவேண்டும் என்றால், பழைய கல்லில் முட்டாமல், அதன் கால்மாட்டில் தனி அடித்தளத்தில் ஒரு சிறிய பலகை வைக்கலாம், சபை சம்மதித்தால். பழைய எழுத்துக்கு மேல் இனாமல் பெயின்ற் அடித்துக் கறுப்பாக்குவதும் கூடாது. காசை மதிலுக்கோ தண்ணீர்த் தொட்டிக்கோ தாருங்கள். வந்த காசும் போன காசும் மாதம் ஒரு தடவை தேவாலய விறாந்தையிலும் வாசிகசாலையிலும் ஒட்டப்படும். மாதச் செலவில் பெரிய பகுதி தேத்தண்ணியும் வாய்ப்பனும்தான், அதையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

எங்கடை அம்மம்மாவின்ரை தாயின்ரை கல்லைத் தேடித் தருவியளோ?

தேடுவோம், ஆனால் பெயர் மட்டும் போதாது. அந்தக் காலத்தில் நாலு பேருக்கு ஒரே பெயர். கணவர் பெயர், சீதன வளவு எந்தக் குறிச்சி, இறந்த வருடம் ஏறத்தாழ எது என்றாவது தாருங்கள். தேவாலயப் பதிவேடுகளில் எல்லா வருடமும் இல்லை. 1995 ஒக்ரோபர் கடைசியில் சண்டைக்குப் பயந்து வலிகாமம் முழுதும் ஒரே இரவில் எழும்பிப் போனபோது என்னென்ன விடுபட்டது என்று கணக்கே கிடையாது. அதைவிடப் பெரிய இழப்பு, ‘இது இன்னாருடையது’ என்று விரல் நீட்டிக் காட்டக்கூடிய ஆட்கள் பலர் திரும்பி வரவில்லை.

உங்கள் வீட்டு அலுமாரியைப் பாருங்கள். எங்களூரில் ‘கல்வெட்டு’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது கல் அல்ல, ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளில் அடித்துக் கொடுக்கும் புத்தகம். அதில் மூன்று தலைமுறை வம்சம் பாட்டாகவே இருக்கும். பழைய கல்வெட்டுப் புத்தகம் ஒன்று கிடைத்தால் பத்துக் கல்லறைக்கு விடை வரலாம். நூலகம் இணையத்தளத்திலும் இப்படி நிறைய நினைவு மலர்கள் ஏற்றப்பட்டிருக்கின்றன, முதலில் அங்கே தேடிவிட்டு எங்களிடம் வாருங்கள். மிஷன் காலத்து ஆட்கள் என்றால் அமெரிக்க மிஷனின் கடிதங்களும் அறிக்கைகளும் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹூற்றன் நூலகத்தில் இருக்கின்றன. அமெரிக்காவில் உறவுக்காரப் பிள்ளைகள் படித்தால் ஒரு நாள் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

மேற்கு மூலையிலை ஒண்டும் இல்லைத்தானே? அதிலை வாகனம் விட இடம் எடுத்தால் என்ன?

அந்த மூலை வெறுமையாக இல்லை. கல் இல்லை, அவ்வளவுதான். மாரியின் முதல் பெரிய மழைக்குப் பிறகு போய் நின்று பாருங்கள். ஆள் நீளத்துக்குப் பள்ளங்கள், எல்லாம் ஒரே திசையில், வரிசையாக, தண்ணீர் தேங்கி நிற்கும். இடையிடையே தலைமாட்டில் வெட்டாத முருகைக்கல் ஒன்று ஊன்றியிருக்கும். மரச் சிலுவை வைத்திருப்பார்கள், கறையான் விட்டிருக்காது.

அங்கே யார் என்று கேட்டால் வயதானவர்கள் கதையை மாற்றுவார்கள். நான் மாற்றவில்லை. கல் வைக்கக் காசு இல்லாதவர்களும், மற்றவர்களுக்குப் பக்கத்தில் படுக்க விடப்படாதவர்களும் அங்கே இருக்கிறார்கள். கோயில் வாசலில் சாதி பார்த்த ஊர் சவக்காலைக்குள் மட்டும் பார்க்காமல் விடவில்லை. பெயர் கிடைக்காத அந்தப் பள்ளங்களுக்கும் வரைபடத்தில் இலக்கம் போட்டிருக்கிறோம், முன்வரிசை ஆங்கிலக் கற்களுக்குப் போட்டது போலவே. வாகனத்தை ரோட்டோரம் விடுங்கள்.

பக்கத்து வளவுக்காரர் வேலியை உள்ளுக்குத் தள்ளிக்கொண்டே போனால்?

கதியால் வேலிக்குக் கால் உண்டு என்பது யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் தெரியும். வருடத்துக்கு ஒரு வேலியடைப்பு, ஒவ்வொரு அடைப்புக்கும் ஒரு சாண். கிளுவை துளிர்த்துவிட்டால் பார்ப்பவருக்கு நூறு வருடமாக அங்கேயே நின்றது போல் இருக்கும். பத்து வருடம் தடையில்லாமல் ஆண்டு அனுபவித்தவர் உரிமை கோர இடம் தரும் 1871 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் இருக்கிறது. ஆகவே சும்மா இருக்கக் கூடாது.

முதலில் பகலில், பகிடியோடு, தேத்தண்ணி நேரத்தில் பேசுங்கள். எங்கள் விசயத்தில் அதோடு பாதி முடிந்தது. மீதிக்கு, தேவாலயம் பழைய பிளானை எடுத்து, நில அளவையாளரைக் கொண்டு எல்லைக்கல் போட்டது. வருடம் ஒரு தடவை, வேலியடைப்புக்கு அடுத்த நாள், அதே இடத்தில் நின்று அதே கோணத்தில் வேலியைப் படம் எடுக்கிறோம். அதற்குப் பிறகு வேலி நகரவில்லை.

தொல்லியல் திணைக்களத்துக்கு எழுதினால் அவை வந்து பாக்கமாட்டினமோ?

1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் பழமை என்று இயல்பாக எடுத்துக்கொள்வது 1815 மார்ச் 2 க்கு முந்தியதை. கண்டி ஒப்பந்தத் திகதி அது. மிஷன்காரர் வந்தது 1816. ஒரு வருடத்தால் எங்கள் கற்கள் தவறிவிட்டன! பிந்தியவற்றையும் அரசாங்கம் தனியாகக் கட்டளையிட்டுச் சேர்க்கலாம்தான். ஆனால் அதற்கு விண்ணப்பிக்க வேண்டுமா என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. தொல்லியல் என்ற சொல் காதில் விழுந்தாலே காணி போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். வடக்கில் அந்தப் பயத்துக்குக் காரணமே இல்லை என்றும் சொல்ல முடியாது. இப்போதைக்குப் புல்லை நாங்களே வெட்டிக்கொள்கிறோம்.

இன்னும் புதைக்கிறியளோ? கிடங்கு வெட்டேக்கை பழைய எலும்பு வந்தால்?

கிழக்குப் பாதியில் புதைக்கிறார்கள். ஒரே குடும்பத்தவரை ஒரே கிடங்கில் காலம் விட்டு வைக்கும் வழக்கமும் உண்டு. கிடங்கு வெட்டுகிறவர் இப்போது முதல்நாளே எங்கள் வரைபடத்தைப் பார்த்துவிட்டுத்தான் அலவாங்கை எடுக்கிறார். தெரிந்த குடும்பக் கிடங்கில் பழைய எலும்பு வந்தால், போதகர் முன்னிலையில் துணியில் சுற்றி அதே கிடங்கின் அடியில் வைப்பார்கள். அது புதிதல்ல.

வரைபடத்தில் இல்லாத இடத்தில், ஆழமில்லாமல், வரிசைக்கு மாறாக எலும்பு வந்தால் அது வேறு விசயம். வேலையை அந்த இடத்திலேயே நிறுத்தி, எதையும் எடுக்காமல், கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் சொல்ல வேண்டும். மிச்சம் நீதவான் பார்க்க வேண்டியது. 1999 இல் யாழ்ப்பாண நகருக்கு வெளியே செம்மணியில், போர்க்காலத்தில் கொன்று புதைக்கப்பட்ட பதினைந்து பேரின் எச்சங்களைத் தோண்டி எடுத்தார்கள். 2025 இல் அதே பக்கம் சித்துப்பாத்தி இந்து மயானத்தில் கட்டட வேலைக்கு மண் வெட்டியபோது மறுபடி எலும்புகள் வந்தன. சவக்காலைக்குள் கிடைத்ததால் அது சவக்காலையின் எலும்பு என்று நாங்களாக முடிவு கட்டுவதில்லை. எலும்புக்குப் பதில் துருப்பிடித்த இரும்பு ஏதாவது தட்டுப்பட்டாலும் அதே விதி, அது வெடிக்காத குண்டாக இருக்கலாம். கை வைக்காமல் பின்னால் வந்து, ஆட்களை விலக்கிவிட்டுச் சொல்ல வேண்டும்.

நாங்கள் இப்ப சைவக் குடும்பம். பாட்டன் வேதக்காரர் எண்டது பிள்ளையளுக்கே தெரியாது. அந்தக் கல்லின்ரை படத்தை இணையத்திலை போடாமல் விடுவியளோ?

இதை ஒருவர் படலைக்கு வெளியே நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டார். கேட்டதில் ஒரு வெட்கமும் இல்லை. வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்கு, போனவர்களும் சைவத்துக்குத் திரும்பி வந்தவர்களும் நிறைய இருந்த ஊர் இது. வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த, பழந்தமிழ் ஏடுகளைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை கடைசியில் சைவத்தில்தான் நின்றார்.

கல் நிற்கும், கொப்பியிலும் இருக்கும். பதிவுக்கு வந்ததை யாருக்காகவும் அழிப்பதில்லை. ஆனால் இறந்தவரின் கல்லைப் பதிவதும், உயிரோடு இருப்பவரை அதோடு கோத்து ஊருக்குக் காட்டுவதும் வேறுவேறு வேலை. இன்னாரின் பேரன் இன்னார் என்று நாங்கள் எங்கேயும் எழுதுவதில்லை. அவருடைய பாட்டனின் கல்லின் படத்தை வெளியே போடாமல் வைத்திருக்கிறோம். பெட்டியில் அந்த இலக்கத்துக்கு நேரே ஒரு துண்டுக் கடதாசி இருக்கிறது, ‘பிள்ளைகள் கேட்டு வந்தால் காட்டவும்’ என்று. அந்தத் துண்டை எழுதித் தந்தது அவர்தான்.